போகியில் கழித்த போன்

என் கணவர் தவறிய வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. துக்கம் கழிந்து வந்த முதல் போகிக்கு, பழையன கழியட்டும் என்று அவருடைய போனையும் பழைய சாமான் வாங்கும் பிக்ரிவாலாவிடம் போட்டேன். சிம்மை எடுத்துவிட்டால் போனில் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். அவரோ போனுக்குப் பூட்டே போடாதவர்.

மாசி பிறந்ததும், எங்கள் ஊரிலேயே டாக்குரியா பகுதியிலிருந்து ஒரு வங்காளிப் பெண் கூப்பிட்டாள். "மாஷிமா, கடையில இந்தப் பழைய போனை வாங்கினேன். உங்க நம்பர் இதுல இருந்துச்சு. ஆதார், பாஸ்புக், ஆஸ்பத்திரிப் படம் எல்லாம் அப்படியே இருக்கு. வேற யார் கையிலயாவது கிடைச்சிருந்தா?" என்று, என்னைப் பெரியம்மா முறை வைத்து வங்காளத்தில் பதறினாள். எனக்குப் பதற்றம்கூட வரவில்லை.

மகனோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவன் படங்களைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டான். "ஏம்மா, போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டே, எல்லாவற்றையும் அழிக்கப் போனான்.

அந்தப் பெண் அவனை அண்ணன் என்று அழைத்துத் தடுத்தாள். "தாதா, இருங்க. மாஷிமாவே அழிக்கட்டும்."

"முருகா" என்று சொல்லி அமுக்கினேன். திரை இருண்டது. பிறகு புதுப் போன்போல "ஹலோ" என்று காட்டியது. அழுகை வரவில்லை.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. கொள்ளி வைத்தது மகன். நான் வாசலோடு நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை அனுப்பி, கடைசிக் காரியம் ஒன்றை என் கைக்கும் கொடுத்தான் முருகன்.