வீட்டில் இருந்துவிட்ட விளக்கு

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவைப் பற்றித் தெரிந்தவை பல: முதலமடையில் பிறந்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கிணற்றில் இறங்கி மோட்டார் பழுது பார்த்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். தெரியாத ஒன்றையும் எழுதும்படி அம்மா சொன்னார்கள். அப்பாவுடன் வேலை செய்த தங்கவேலு மாமாவின் மனைவி சரசு அத்தையிடமும் அனுமதி கேட்டுவிட்டேன்.

அப்பா கிணற்றில் கால் வைக்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார். அது அணைந்தால் அடியில் கெட்ட காற்று என்று பொருள், இறங்கமாட்டார். எரிந்தால் "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு இறங்குவார். மாமா கிண்டல் செய்வாராம்.

"ஏனுங்ணா, அவரே பாத்துக்குவாருன்னா லைட்டு எதுக்குங்க?"

"லைட்டைக் குடுத்ததும் அவருதான்டா."

என் நான்காவது வயதில் எனக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். அப்பா வேலைக்குப் போகவில்லை. விளக்கு அவருடைய பெட்டியோடு வீட்டில் இருந்தது. ஒரு தோப்புக்காரர் அவசரப்படுத்தியதால் மாமா தனியாகப் போய், விளக்கில்லாமல் கிணற்றில் இறங்கினார். உயிரோடு ஏறி வரவில்லை.

எனக்குக் காய்ச்சல் விட்டதும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. சபை மூப்பர் ஒருவர், நல்ல மனதோடுதான், "ஆபிரகாம் பலி குடுக்கப் போன மகன் ஈசாக்குக்குப் பதிலா ஆட்டுக்கடாவை ஆயத்தம் பண்ணின தேவன், உங்களுக்குப் பதிலாவும் ஆயத்தம் பண்ணியிருக்காரு" என்றார். அப்பா எழுந்துவிட்டாராம்.

"தங்கவேலு ஆடு இல்லீங்க. எனக்குப் பதிலா ஒருத்தர் சிலுவைல செத்திருக்காரு. அது போதும்னுதானுங்க நம்பறேன். இன்னொரு ஆளை நான் கேக்கலீங்க."

அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனார். விளக்கை இறக்கினார். "கர்த்தர் பாத்துக்குவாரு" மட்டும் அவர் வாயில் வரவில்லை. நான் டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையில் வேலை தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் பணியில் சேர்ந்த அன்று, என் தலையில் கைவைத்து ஜெபித்தார். அன்றும் அதைச் சொல்லவில்லை.

கடைசி மாதத்தில், மூச்சு முட்டிப் படுத்திருந்த அப்பாவுக்குச் சரசு அத்தை ஒரு மாலை கஞ்சி கொண்டுவந்தார்.

"குடிங்ணா. எங்கூட்டு மோட்டாரு மறுபடி நின்னு போச்சு. நீங்க எந்திரிச்சாத்தான் எனக்குத் தண்ணி."

அப்பா சிரிக்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டார்.

"அம்மிணி, அன்னிக்கு லைட்டு எங்கூட்ல இருந்துச்சு. நான் குடுத்தனுப்பியிருக்கோணும். எம்மேல கோவமா?"

அத்தை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"லைட்டு வாங்கத்தானுங்ணா அவரு அன்னிக்குக் காலைல வந்தாரு. ஜன்னல்ல பாத்தாராம். மூணு நாளாத் தூங்காத புள்ளை அப்பத்தான் அசந்திருக்குது, கதவைத் தட்டினா எந்திரிச்சுக்கும்னு திரும்பிட்டாரு. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனாரு. சொன்னா நீங்க தாங்கமாட்டீங்கன்னு இத்தனை நாளாச் சொல்லலீங்ணா."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆபிரகாம் மலையேறிய அதிகாரத்தை என்னை வாசிக்கச் சொன்னார். ஆட்டுக்கடா வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்த ஆடு புதர்ல மாட்டிக்கிச்சு, கண்ணு. தங்கவேலு மாட்டலை. அவனாத் திரும்பிப் போனான்."

இறப்பதற்கு முந்தைய நாள் என் கையைப் பிடித்து, "உன்னையக் கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார். நினைவு தெரிந்து அவரிடமிருந்து நான் அதைக் கேட்டது அந்த ஒருமுறைதான். அதை எப்படி ஏற்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நன்றிக்குரியவர்கள்: ஆக்சிஜன் சிலிண்டரைத் தம் வண்டியில் ஏற்றிவந்த பக்கத்து வீட்டார், கூப்பிட்டபோதெல்லாம் வந்த செவிலியர், முறை வைத்து உடனிருந்த சபையார், கஞ்சியோடு உண்மையையும் கொண்டுவந்த சரசு அத்தை. கடைசியாகத் தங்கவேலு மாமாவின் பெயரை எழுதினேன். எதற்காக என்று எழுதத்தான் கை வரவில்லை.

தட்டியிருக்கலாம், மாமா. நான் விழித்து அழுதிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.