நான் பெயர்த்த ஹீட்டர்

பந்தயக் காரின் எடையைக் குறைக்க பின்சீட்டு, கார்பெட் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தோம். ஒரகடம் கார் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்துவந்து வேலை பார்த்த என் மச்சினன், ஹீட்டரை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

“இந்த வெயில்ல ஹீட்டர் எதுக்குடா?” என்று கன்னத்தில் அறைந்தேன்.

“மழை பேஞ்சா உள்கண்ணாடில ஆவி கட்டிக்கும் மாமா. சூடு காத்து வோணும்.”

சுத்தியலால் நானே அதை அடித்துப் பெயர்த்தேன்.

பந்தயத்தன்று செம்பரம்பாக்கம் பக்கமிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் சுற்றில் என் மூச்சே முன்கண்ணாடியை வெள்ளையாக மூடிவிட்டது. துடைத்தேன், திட்டினேன், கடைசியில் முஷ்டியால் குத்தினேன். வளைவு தெரியாமல் ஓரத்தில் டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் மோதினேன். கண்ணாடி பிடுங்கிக்கொண்டு போனது; வலது மணிக்கட்டு முறிந்தது.

ஓடிவந்த மச்சினன், கண்ணாடி இருந்த ஓட்டை வழியே குனிந்து பார்த்தான்.

“இப்ப கிளியரா தெரியுதா மாமா?”