அக்கா அவர்களுக்கு நான் வாங்கிக் கொடுத்த புதுச் சைக்கிள்

காணையில் அரிசி ஆலை, விழுப்புரத்தில் மாடிவீடு, திண்டிவனம் ரோட்டில் கல்யாண மண்டபம், மூன்று லாரி. இத்தனையும் இரண்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் உண்டாக்கியவை. காலை வாரிவிட்டவர்கள் பலர். அவர்களுக்கும் என் மண்டபத்தில் சாப்பாடு போட்டிருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் முன்னால் நான் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. எங்கள் அக்கா அவர்கள் வேலைக்குப் போக ஒரு புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அவர்களுடைய முதலாம் ஆண்டு நினைவு மலரில் அதை நான்தான் எழுத வேண்டும்.

அக்கா அவர்கள் காணையில் பிறந்தார்கள். எங்கள் சிறு வயதிலேயே அப்பா காலமாகிவிட்டார். அக்கா அவர்கள் மல்லாட்டைக் கடலை உரித்துக் கூலி வாங்கிக்கொண்டே படித்தார்கள். வீட்டில் ஒருவர் படித்தால் போதும் என்று நான் பெருந்தன்மையோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வாத்தியார்தான் என்னைத் துரத்தினார் என்று அக்கா அவர்கள் சொல்லிவந்தது முழுக்கச் சரியல்ல. வாத்தியாரும் நானும் ஒரே நாளில் அந்த முடிவுக்கு வந்தோம்.

ஐம்பதுகளின் கடைசியில் அக்கா அவர்களுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. அம்மாவோடு திண்டிவனத்தில் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் ஓமந்தூர் ரோட்டில் ஐந்து மைல் தள்ளி. பஸ் ஒன்றே ஒன்று. அதற்கு மனசு வந்தால் வரும். பள்ளி நிர்வாகி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "டீச்சரம்மா, பசங்க வாய்ப்பாடு சொல்லிக்கினு இருக்கறப்போ நீங்க உள்ள வர்றீங்க. வர்ற திங்கக்கெழமயும் லேட்டானா வேற ஆள் வெச்சிக்கறேன். ஆளு ரெடியா இருக்குது."

அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் அப்போது விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சேதி வந்ததும் சைக்கிள் கடைக்குப் போய், மேலே தொங்கிக்கொண்டிருந்த லேடீஸ் சைக்கிளைக் காட்டினேன்.

"உனக்கா தம்பி?" என்றார் கடைக்காரர்.

"எங்க அக்காவுக்குங்க. டீச்சரு."

"எடுத்துக்கினு போ. வந்த நாளா தொங்குது. இத்த ஓட்ட இந்த ஊர்ல ஒரு பொம்பள இல்ல."

வண்டி வாங்கியதை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். அம்மா ஆள் மூலம் பதில் சேதி அனுப்பினார்கள்: திருவக்கரை அம்மன் சன்னிதியில் பூசை போடாமல் அந்த வண்டிமேல் ஒருத்தரும் உட்காரக் கூடாது. பஸ் கூரையில் போட்டால் புதுப் பெயிண்டு போய்விடும். ஆகவே வண்டிக்கு மாலை போட்டு, சனிக்கிழமை காலையில் விழுப்புரத்திலிருந்து தள்ளிக்கொண்டே புறப்பட்டேன்.

வழியில் மாட்டுவண்டிக்காரன் ஒருவன் கேட்டான்: "இன்னாபா, வண்டிக்குக் கால் வலியா? மாலை போட்டு இட்டுக்கினு போறியே, பொண்ணு அழைப்பா?"

"ஆமா, உன் ஊட்டுக்குத்தான். ஜல்தியா போய் ஆரத்தி கரைச்சி வெய்யி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை ஆனது. இனி ஏறி மிதிக்கலாம் என்று காலைத் தூக்கினேன். பூசாரி தடுத்தார். "வண்டி யாருதுபா? அக்காவுதா? அப்ப அவங்கதான் எலுமிச்சம்பழத்து மேல மொதல்ல ஏத்தணும். நீ தள்ளு." தள்ளினேன். மயிலம் பக்கத்தில் பஞ்சர். ஒருவரும் ஏறாத வண்டியில் முள் மட்டும் ஏறிவிட்டது. அங்கேயே படுத்திருந்து, விடிந்ததும் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் திண்டிவனம் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா அவர்கள் பையும் குடையுமாக நின்றார்கள். அம்மா சக்கரத்தின் கீழே பழம் வைத்தார்கள்.

"யாருடா ஓட்டறது?" என்றார்கள் அக்கா அவர்கள்.

"நீதான்க்கா."

"எனக்கு ஓட்டத் தெரியாதேடா!"

அதை எங்கள் மூவரில் ஒருவரும் அதுவரை யோசிக்கவில்லை. பின்னால் உட்கார வைத்து நான் மிதிக்கலாமென்றால் கேரியர் கிடையாது. கேரியருக்கு வைத்திருந்த காசில்தான் மாலை வாங்கியிருந்தேன்.

"அம்மன் பாத்துக்குவா, ஏறுடி" என்றார்கள் அம்மா.

"அம்மன் பிரேக்கு புடிப்பாளாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா அவர்கள் ஏறினார்கள். பழம் நசுங்கியது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"புடிச்சிக்கினு இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா! முன்னாடி பாரு, ஆடு!"

பெல் அடிப்பதை மட்டும் முதல் தெருவிலேயே கற்றுக்கொண்டார்கள். ஐந்து மைலும் அடித்தார்கள். வழியில் நின்ற ஆடு, மாடு, பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள். நிறுத்தத் தெரியாததால் வண்டி நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குள் புகுந்து, நான் குதிகாலை ஊன்றி இழுத்த பிறகு, கொடிக்கம்பத்தில் முட்டி நின்றது. நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார். "மணி அடிக்க இன்னும் நேரம் இருக்குதே டீச்சரம்மா" என்றார். தாழ்வாரத்தில் பையோடு காத்திருந்த இன்னொரு அம்மாள், "அப்ப நான் கெளம்பட்டுங்களா?" என்று எழுந்தார்கள்.

அந்த வேலை நிலைத்தது. அக்கா அவர்கள் பின்னாளில் தலைமையாசிரியை ஆனார்கள். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கரையேற்றினார்கள். யாரிடமும் கடுஞ்சொல் பேசாமல், என்னிடம் மட்டும் பேசி, நிறைவாக வாழ்ந்தார்கள். கடைசி நாட்களில் இரவுபகல் பார்க்காமல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உறவினருக்கும், தூரத்திலிருந்து வந்த பழைய மாணவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன்.

ஒரு வழக்கு மட்டும் பாக்கி. வழியில் ஏரிக்கரையிலேயே நான் கையை எடுத்துவிட்டதாகவும், அதற்குமேல் தாமே ஓட்டியதாகவும் அக்கா அவர்கள் ஊரெல்லாம் சொல்லிவந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டார்கள்: "இப்பவாவது ஒத்துக்கோடா. ஏரிக்கரையில வுட்டுட்டதான?"

"வுடலக்கா."

சிரித்தார்கள். "சரி. இன்னும் புடிச்சிக்கினுதான் இருக்கியா?"

இந்த மலரின் முதல் பக்கத்தில் மூத்த மகள், 'அம்மா முதல் நாளே தன்னந்தனியாகச் சைக்கிள் ஓட்டிச் சென்றார்' என்று எழுதியிருக்கிறாள். அச்சகத்தார் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். 'பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சீட்டை விடாமல் பிடித்திருந்தவர் அவருடைய தம்பி' என்று அதே இடத்தில், அதைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.