ஒரு புள்ளி, ஒரு வசவு

“அவன் கை வெளங்குமா?” என்று கேட்டுவிட்டு டெய்லரக்கா ஒரு புள்ளி வைத்தார். தகடு சீறியது. நீல வெளிச்சம் கொட்டகைச் சுவரில் பளிச்சென்று அடித்து அணைந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி. முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, “அவன் பட்டறைக்குப் பூட்டுதான் விழும், பாருங்க” என்றார். புறங்கையை ஒட்டுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். ஆறவில்லை. ஆகவே அவன் பிறந்த நேரத்தைப் பற்றியும் இன்னும் நாலு வார்த்தை சொல்ல அவகாசம் கிடைத்தது. ‘அவன்’ என்றால் வேறு யாருமில்லை, அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

மெல்லிய தகட்டை வெல்டிங் வைத்து ஒட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. சேர்ந்தாற்போல் இழுத்துக்கொண்டே போனால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஆறவிட வேண்டும். அக்காவுக்கோ காத்திருப்பது என்றால் வேப்பங்காய். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அதைத் திட்டிக்கொண்டே நடந்து வீடு வந்து சேர்கிற ஆள். அதனால் இடைவெளிகளை வசவால் நிரப்புகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தோரு புள்ளி, நாற்பத்து மூன்று வசவு. உபரி இரண்டும் எனக்கு. டார்ச் விளக்கை நேராகப் பிடிக்கவில்லையாம்.

நான் மாடி வீட்டுக்காரன். கொட்டகை என் படுக்கையறைச் சன்னலுக்கு நேர்கீழே இருக்கிறது. தகடு அறுக்கிற சத்தம் பொறுக்காமல், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஒருநாள் இறங்கிப் போனேன். “வந்ததுதான் வந்தீங்க, இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடிங்க சார்” என்றார். அது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. நான் எதற்காக வந்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பெரிய துணிக்கடை ஒன்றின் பின்னறையில், விற்ற உடுப்புகளை ஆளுக்கேற்ப அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கிற வேலை. “முப்பத்திரெண்டுதான் என் இடுப்புன்னு சத்தியம் பண்ணுவாங்க சார். டேப்ப எடுத்தா மூஞ்சி மாறிடும்” என்பார். அந்த டேப் கொட்டகையிலும் கழுத்தில் தொங்குகிறது. நுனியில் இரண்டு அங்குலம் பொறி பட்டுக் கருகிவிட்டதால், எந்த அளவு எடுத்தாலும் இரண்டைக் கழித்துக்கொள்கிறார். வேலைக்குப் போட்டுக்கொள்வது கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. பொறி விழுந்து ஓட்டையான இடங்களை அன்றன்றே தைத்துவிடுகிறார், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிற நூலில். வலது கையில் மட்டும் பதினேழு. “எத்தன தடவ சுட்டுச்சுன்னு எனக்கு மறக்கக் கூடாது” என்கிறார். மறதி அவருக்குப் பிடிக்காத குணம்.

கொட்டகையில் அக்கா ஒட்டிக்கொண்டிருக்கிற கார் அறுபது வயதுக் கிழம். உருண்டை விளக்குகள், ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர், சோபா மாதிரி அகலமான இருக்கைகள். தம்பி இரண்டு தெரு தள்ளி, அடிபட்ட கார்களுக்கு ஒடுக்கெடுத்துப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறான். எங்கேயோ மழையில் கிடந்த இந்த வண்டியை இழுத்துவந்து, பளபளவென்று வான நீலம் அடித்து, அக்காவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குச் சும்மா கொடுத்தான். தெருவே வாயைப் பிளந்தது. அக்கா எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். “அந்தக் கண்ணீரத் திருப்பித் தரச் சொல்லுங்க அவன” என்கிறார் இப்போது.

நான்காம் மாதம் ஒரு காலை. அக்கா ஓட்டிக்கொண்டிருந்தார், கணவர் பக்கத்தில். குறுக்கே ஒரு நாய். அக்கா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, கணவரின் இருக்கை நிற்கவில்லை. தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு அவரோடு முன்னால் பாய்ந்தது. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கை. ஆரஞ்சுப் பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த தம்பி, கட்டில் ஓரமாக நின்று சொன்ன ஒரு வாக்கியத்தை அக்கா எனக்கு அவன் குரலிலேயே நடித்துக் காட்டியிருக்கிறார்: “அக்கா கொஞ்சம் பாத்து பிரேக் போட்டிருக்கலாம்.”

அக்கா அதை நம்பினார். எனக்கு வயிறு எரிவது அங்கேதான். இரண்டு மாதம் கணவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டே தன் வலது காலைச் சபித்திருக்கிறார். கணவர் நூலகத்தில் வேலை பார்க்கிற சாது. எதற்கும் “விடும்மா” என்பதுதான் அவர் பதில். அவர் கைத்தடியோடு எழுந்து நடமாடத் தொடங்கியபின், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அக்கா பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கி வந்தபோது, கதவில் கைவைத்தபடியே கணவர் நின்றுவிட்டார். “தப்பா நெனக்காதம்மா. நீ ஓட்டினா ஒரு மாதிரி பயமா இருக்கு.” தடியை ஊன்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். அன்று முதல் எங்கே போனாலும் பஸ்தான்.

அதற்கு மறுவாரம், நீல வண்டியை விற்றுத் தொலைக்கலாம் என்று அக்கா கழுவப் போனார். தரைவிரிப்பைத் தூக்கியதும் இருக்கை பிய்ந்த இடம் கண்ணில் பட்டது. கையிலிருந்த கத்தரிக்கோலின் நுனியால் சுரண்டினார். கத்தரிக்கோல் பிடிவரை உள்ளே போனது.

உள்ளே இருந்தது பட்டி. தகட்டில் விழும் சின்னப் பள்ளங்களை மெழுகி மட்டமாக்குகிற பசை அது. காய்ந்து தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் தகடு மாதிரியே இருக்கும், ஆனால் பாரம் தாங்காது. துரு தின்று தீர்த்த தரையில் கொசுவலைக் கம்பியை விரித்து, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டியை அப்பி, அந்தப் பட்டியில் இருக்கையின் போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். அக்கா உட்கார்ந்து ஓட்டிய பக்கமும் அதே லட்சணம்தான். கூடப்பிறந்தவளையும் அவள் புருஷனையும் செய்தித்தாளின் மேல் உட்காரவைத்து, மாலை போட்டுப் போட்டோ எடுத்திருக்கிறான். எனக்குத் தெரிந்த நாகரிகமான சொற்கள் இந்த இடத்தில் தீர்ந்துபோகின்றன.

“நான் பாக்கலக்கா. வேலைக்காரங்க பண்ணிட்டாங்க, எனக்குத் தெரியாது” என்றான் தம்பி. “அப்படியே இருந்தாலும், நீ மெதுவா பிரேக் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.” சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆசையாய்க் கொடுத்த பிள்ளையைக் கரித்துக்கொட்டலாமா என்று ஒரு சித்தி போனிலேயே அழுதாள். கணவர்கூட, “ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கலாம், விடும்மா” என்றார். வண்டியை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“போட்டுட்டா?” என்று அக்கா என்னிடம் கேட்டார், நான்தான் போடச் சொன்ன மாதிரி. “வண்டி போயிடும். பிரேக் போட்ட என் காலுதான மிஞ்சும், பழி சொல்ல? முடியாது சார். அந்த மனுஷன் இதே வண்டில, இதே சீட்டுல, என் பக்கத்துல உக்காரணும். நான் பிரேக் போடணும். வண்டியும் நிக்கணும், சீட்டும் நிக்கணும்.” தானே சரிசெய்து தருவதாகத் தம்பி சொல்லியனுப்பினான். “எத வச்சு? பட்டி வச்சா?” என்று பதில் போனது.

மறுநாளே சன்னல் கம்பி, கேட் செய்கிற பட்டறை ஒன்றில் போய் நின்றார். “உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றான் பட்டறைக்காரன். “அத நான் பாத்துக்கறேன், நீ சொல்லிக் குடு” என்றார் இவர். முதல் வாரமே முகமூடி இல்லாமல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் ஒரு பகல் முழுக்க ஈரத்துணி போட்டுப் படுத்துக் கிடந்தார். படுத்தபடியே வெல்டிங்கைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையை விசாரித்தார். கேட் குழாயில் கை படிந்ததும் காருக்கு வந்தால், காரின் தகடு அதில் பாதிகூடக் கனமில்லை. பட்டாணி அளவு ஓட்டையை அடைக்கப் போய் டீ கிளாஸ் நுழைகிற ஓட்டையாக்கினார். “துருவுல எதுவும் ஒட்டாது சார். நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும்” என்று வெட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு வந்தபோது காருக்குத் தரை என்று ஒன்று பாக்கி இல்லை.

வெட்டுவதில் அக்காவை அடிக்க ஆளில்லை. சட்டைக்கு வெட்டுவதுபோல அட்டையில் மாதிரி எடுத்து, சாக்பீஸால் தகட்டில் வரைந்து வெட்டினால், நகம்கூட நுழையாதபடி அச்சாகப் பொருந்தும். ஒட்டும்போதுதான் முப்பது வருடப் பழக்கம் காலை வாரிவிட்டது. தையல் மெஷினை ஓட்டுகிற நினைப்பில் ஒரு முனையில் பிடித்தவர் மறுமுனை வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டார். ஒட்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. தகடு காய்ந்த இலையாகச் சுருண்டுகொண்டது. இவ்வளவு அழகான தப்பை ஒரு டெய்லர்தான் செய்ய முடியும். “நிறுத்தி நிறுத்திப் போகணும்னு ஒரு வார்த்த சொன்னானா அந்தப் பாவி?” என்று பட்டறைக்காரனைத் திட்டியபடி அத்தனையையும் அறுத்தெடுத்தார். இப்படி மூன்று தடவை. புள்ளியும் வசவுமாக வேலை நடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

போன ஞாயிறு மதியம் தரை முடிந்தது. இருக்கையின் கால்கள் நிற்கிற இடங்களில் கனமான தகடு வைத்து இன்னும் பலமாக ஒட்டியிருந்தார். இத்தனை மாதத்தில் ஒரு தடவையும் கொட்டகைப் பக்கம் வராத கணவர், அன்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கவனிக்காத மாதிரி ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான். சித்திதான் சமாதானம் பேச அனுப்பியிருக்கிறாள். “அட, பிரமாதம்க்கா! பேசாம நீ எங்க பட்டறைக்கே வந்துடு” என்று சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை. சும்மா நிற்க முடியாமல் ஒரு ஸ்பானரை எடுத்து, வண்டிக்குள் குனிந்து, வெயிலைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே ஒட்டு நெடுகத் தட்டிக்கொண்டு போனான். பார்வைகூட அங்கே இல்லை. ணங், ணங், ணங், தொப். கை நின்றது.

“இங்க பிடிக்கலக்கா. மேல படிஞ்சிருக்கு, உள்ள போகல.”

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அக்காவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை.

“தட்டினா தெரியுதா உனக்கு?” என்று கேட்டார்.

“பின்ன? இருபது வருஷமா இதானக்கா தொழிலு. வண்டி உள்ள வந்ததும் ஒரு தட்டு தட்டுவேன், அதுவே போதும்” என்றான் பெருமையாக.

அக்கா குரலை இறக்கிப் பேசி அன்றுதான் கேட்டேன். “அப்ப இந்த வண்டி வந்தன்னைக்கும் ஒரு தட்டு தட்டியிருப்பல்ல?”

தம்பி ஸ்பானரைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். “மாமா...” என்று திரும்பினான், வழக்கமான “விடும்மா” அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று. கணவர் தடியை ஊன்றி எழுந்தார். அவர் முகம் அவ்வளவு சிவந்து நான் பார்த்ததில்லை.

“தெரியாதுன்னு சொன்ன. நான் நம்பினேன். அவ காலுதான் காரணம்னு நெனச்சு, பொண்டாட்டி பக்கத்துல உக்காரப் பயந்துக்கிட்டு இத்தன மாசம் பஸ்ல போயிட்டிருக்கேன்!”  “சாக்பீஸ எடு மாப்ள. தரை முழுக்கத் தட்டு. எங்கெங்க பிடிக்கலயோ அங்கெல்லாம் வட்டம் போடு, ஒண்ணு விடாம. இதுல நான்தான் உக்காரப் போறேன்.”

அக்கா கணவரைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். அவன் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தட்டினான். அரைமணி நேரம் ஆனது. ஐந்து வட்டம் விழுந்தது. கணவர் ஒவ்வொரு வட்டத்தையும் குனிந்து சரிபார்த்தார். நான் டார்ச் பிடித்தேன். வசவு ஒன்றுகூட இல்லாத அந்த அரைமணியில் எனக்குத்தான் அவனைத் திட்டவேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது.

தம்பி எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டான். “அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா. பெயிண்ட் அடிச்சா போதும்னு விட்டுட்டேன்” என்றான். அக்கா முகமூடியையும் கையுறைகளையும் மாட்டிக்கொண்டு முதல் வட்டத்துக்கு எதிரே குத்தவைத்தார். அவன் இன்னும் போகவில்லை.

“இன்னும் கோபமாக்கா?”

அக்கா அவனை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்று ஓங்கி ஒரு தலையாட்டல். நெற்றிமேல் நின்ற முகமூடி அந்த வேகத்தில் சடாரென்று இறங்கி முகத்தை மூடிக்கொண்டது.