என் மனைவி கட்டிவைத்த பை

எனக்காக ஜெபித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மஹய்யாவையில் நான் பாடசாலை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் என் நிலைமை இதுதான்: காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கும். நடுக்கம் நிற்கக் குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுவேன். ஒரு திங்கட்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பாதை வளைவில் வேன் மதகுச் சுவரில் உரசி நின்றது. உள்ளே பதினொரு பிள்ளைகள். என் மகளும் இருந்தாள். யாருக்கும் காயமில்லை.

மறுநாள் மகள் வேனில் ஏறவில்லை. "நான் நடந்தே போறேன்பா" என்றாள்.

என் மனைவி ஸ்டெல்லா சாவியை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னாள். நான் கத்தினேன். அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

அன்று பகல் தனியாக முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இந்த ஆசையை எடுத்துவிடும்." அந்த நிமிடத்திலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் மாலைக்குள் உடம்பெல்லாம் உதறியது. வியர்த்துக் கொட்டியது. கடவுளும் கைவிட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது கெலிஓயாவிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி வந்தான். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"மச்சான், இது நோய். வைராக்கியம் மட்டும் பத்தாது. ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

திடீரென்று நிறுத்தியது உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். வார்டில் பத்து நாள் இருந்தேன். ஸ்டெல்லா தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். ஒருநாள் கேட்டேன்: "நீ ஏன் என்னை விட்டுட்டுப் போகல?"

"போகத்தான் பையக் கட்டினேன். வேன் உரசினதுக்கு முந்தின வாரமே. போகட்டுமான்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன். ஒரு தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, பொறகு யோசின்னு மனசுல வந்துச்சு. அதான் தம்பிகிட்ட பேசினேன்."

நான் ஜெபிப்பதற்கு முன்பே பதில் புறப்பட்டுவிட்டிருந்தது. கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதோடு எல்லாம் முடியவில்லை. நாவலப்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடியில் விழுந்தேன். அன்றே அவளிடம் சொன்னேன். "சரி, நாளைக்கு கிளினிக் போவோம்" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கடந்துவிட்டது. இன்று நான் பேக்கரியில் வேலை செய்கிறேன். ஆசை இன்னும் சில நாள் எட்டிப் பார்க்கும். வந்தால் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருந்தால் ஜெபியுங்கள், டாக்டரிடமும் அழைத்துப் போங்கள். துணைக்கு ஆளில்லையென்றால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.