பரவாயில்லை மாஸ்டர்

அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் நேரில் அவரை மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பரவாயில்லை மாஸ்டர் என்பார்கள். அவர் வாயில் அந்த ஒரு சொல்தான் பாராட்டு, மன்னிப்பு, அபாய அறிவிப்பு எல்லாம். இரண்டு கார்களுக்கு நடுவே அலுங்காமல் வண்டியை நிறுத்தினால் "பரவாயில்லை." விளக்குக் கம்பத்தில் மோதப்போகும் நொடியில் தம் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக் காப்பாற்றிவிட்டு, வெளிறிப்போன மாணவியிடமும் "பரவாயில்லை." குடலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோதும் அதையே சொன்னார். ஆறுதல் சொல்லத் தயாராக வந்த டாக்டர், ஆறுதல் தமக்கே சொல்லப்பட்டதில் சற்றுக் குழம்பிப்போனார்.

வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்த பிறகு, புது மருந்து ஒன்றின் முதல்கட்டப் பரிசோதனையில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"இது குணப்படுத்தும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. எவ்வளவு குடுத்தா உடம்பு தாங்கும்னு பாக்கறதுதான் இப்போதைக்கு வேலை. முதல்ல சிலருக்குக் கொஞ்சமா குடுப்போம். அவங்க தாங்கினா, அடுத்து வர்றவங்களுக்கு ஒரு படி கூட்டுவோம். அதனால எந்தத் தொந்தரவா இருந்தாலும் மறைக்காம சொல்லணும்."

"பரவாயில்லை டாக்டர்" என்று மாஸ்டர் சம்மதித்தார்.

மருந்து ஏற்றும் அறையில் நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"கை கால் மரத்துப்போகுதா?"

"பரவாயில்லை சிஸ்டர்."

"இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க."

அந்தச் சொல்லின் வாலிலேயே ஓர் இல்லை தொங்கிக்கொண்டிருந்ததால் நர்ஸைக் குறை சொல்வதற்கில்லை.

ஒரு மாலை கடைக்குப் போய்த் திரும்பியவரின் ஒரு காலில் செருப்பைக் காணோம்.

"என்னங்க, இன்னொண்ணை யாருக்குத் தானம் பண்ணீங்க?" என்று சிரித்தாள் மனைவி. குனிந்து தம் காலையே வெறித்த அவர் முகத்தைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது. "கழண்டது தெரியலையா? எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா."

"ஆஸ்பத்திரில சொன்னீங்களா?"

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. எனக்கு வேற மருந்து எங்க இருக்கு?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டா பிரேக் மிதிக்கிறீங்க?"

மறுநாளே பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து, இடுப்புவலி என்று லீவு சொன்னார். பொய்யிலும் நெறி தவறாதவர். மாணவர்களின் உயிரோடு விளையாட மாட்டார். விளையாடுவது தம் உயிரோடு மட்டும்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை மருத்துவமனைக் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். மாஸ்டரின் தலையைத் தொழில்முறையில் ஒரு பார்வை பார்த்தார்.

"முடி கொட்டலையே! அப்ப நல்ல மருந்துதான். எனக்கு இன்னிக்குத்தான் முதல் தடவை. நீங்க முந்தின செட்டா அண்ணா?"

"ஆமாம்மா."

"முந்தின அளவுல யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகலையாம். அதனால எங்களுக்கு ஒரு படி கூட. எல்லாம் உங்க புண்ணியம்." இரண்டு விரல்களைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டினார். "எனக்கு இந்த விரலு ஒழுங்கா இருந்தாப் போதும். வர்றவங்க காது பத்திரமா வீட்டுக்குப் போகணுமில்ல?"

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. 'யாருக்கும்' என்பதற்குள் தாமும் இருப்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளேயிருந்து நர்ஸ் அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டார். பழக்கதோஷத்தில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியதா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"சிஸ்டர், நில்லுங்க! அவங்களுக்கு மருந்து ஏத்தாதீங்க!"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"எனக்குக் கால் மரத்துப்போச்சு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியறதில்லை."

"போன தடவையும் கேட்டேனே சார்?"

"பரவா..." என்று தொடங்கிப் பாதியில் விழுங்கினார். "பொய் சொன்னேன்."

"இப்பவாவது வாயைத் திறந்தாரே" என்றாள் கூடவே வந்திருந்த மனைவி, பொதுவாகக் கூரையைப் பார்த்து.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தட்டினால் அதிரும் உலோகக் கவை ஒன்றைக் கால் விரலில் வைத்து, "அதிருதா?" என்றார்.

"வச்சாச்சா டாக்டர்?"

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை போலிருந்தது. "உங்க பதிலை நம்பித்தான் இன்னொருத்தர் உடம்புல ஏத்தறோம்" என்றார். மருந்தை இப்போதைக்கு நிறுத்துவதாகவும், கால் தேறினால் குறைந்த அளவில் மறுபடி தொடங்கிப் பார்க்கலாம் என்றும், தேறும் என்று தம்மால் சொல்ல முடியாது என்றும் தெரிவித்தார். பயந்ததில் பாதி நடந்துவிட்டது. மீதிப் பாதி நடக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண்மணிக்கான அளவை மறுபடி கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்களாம். அன்று மருந்து கிடையாது. உயிர் காத்தவருக்குரிய நன்றியோடு அவர் மாஸ்டரை நோக்கி வரவில்லை.

"கடையைப் பூட்டி, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். உங்க வாய் இன்னிக்குத்தான் திறக்கணுமா?"

"மன்னிச்சுக்கம்மா."

"மன்னிப்பெல்லாம் அப்புறம்." பையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. "கையிலயும் வந்துச்சா? எங்க ஆரம்பிக்குது? ஊசி குத்தற மாதிரியா, பஞ்சு மேல நிக்கற மாதிரியா?"

மாஸ்டர் குனிந்து ஷூவைக் கழற்றினார். வண்டியையே தொட்டறியாத ஒருவருக்கு முதல் நாள் கிளட்ச்சை விளக்குவதுபோல, பெருவிரலில் தொடங்கி, எதையும் விடாமல், நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.