புளித்த மாவும் பங்குனிப் பௌர்ணமியும்

இன்று காலை தோசை மாவைப் பாத்திரத்தோடு பக்கத்து ஃபிளாட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கையெல்லாம் புளிப்பு வாசனை. சூரியன் மறைந்ததும் பஸ்கா பண்டிகை தொடங்கும் என்று போன் சொல்லிவிட்டது.

உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். திருவனந்தபுரத்தில் எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. ஈஸ்டர் கிடையாது, வேதத்திலுள்ள பண்டிகைகளை எபிரெயக் காலண்டர்படி கொண்டாடுவோம். பஸ்கா முடிந்து ஏழு நாள் வீட்டில் புளிப்பு இருக்கக் கூடாது. புட்டு சாப்பிடலாம், ஆப்பம் கூடாது. தோசை மாவு இதில் சேருமா என்று சபையில் பெரிய தர்க்கமே நடந்திருக்கிறது. அம்மாவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. “புளிச்சா புளிப்புதான். இதுல என்ன சர்ச்சை?”

அப்பா போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். என்ன வேலை இருந்தாலும் பஸ்காவுக்கு லீவு போட்டு மலையிறங்கிவிடுவார். அன்று, இயேசு சீஷர்களுக்குக் கழுவியதுபோல, அப்பாவின் காலை அம்மாவும், அம்மாவின் காலை அப்பாவும் கழுவுவார்கள். மற்ற நாளில் தண்ணீர்ச் செம்பைக்கூட நேராகக் கையில் வாங்காத ஜோடி அது. அந்த ஒரு பொழுதை நம்பித்தான் அம்மா வருஷத்தை ஓட்டினாள்.

பண்டிகைத் தேதிகள் அச்சடித்த காலண்டர் வெளிநாட்டிலிருந்து தபாலில் சபை மூப்பருக்கு வரும். ஒரு வருஷம் பங்குனி பிறந்தும் வரவில்லை. காத்திருக்கும் ரகமல்ல அம்மா. பஸ்கா பௌர்ணமியை ஒட்டித்தானே வரும்? பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டு மாமியிடம் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லி, அந்தத் தேதியை அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அப்பா வந்தார். மாவு மாமி வீட்டுக்குப் போனது. கால் கழுவினார்கள். அப்பா மலையேறினார்.

அதற்கப்புறம் மூப்பர் காலண்டரோடு வந்தார். பண்டிகைகள் பருவம் தப்பாமலிருக்க எபிரெயர்கள் சில வருஷங்களில் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்களாம். அது அப்படியொரு வருஷமாம். பஸ்கா சித்திரைப் பௌர்ணமியில்தான்.

“அப்போ நாங்க கழுவினது?” என்றாள் அம்மா.

“அது வெறுதே கால் கழுவினதுதான், சிஸ்டர்.”

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியதற்கு, மறுபடி லீவு கிடைக்காது என்று பதில் வந்தது. எனக்கு மூப்பர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சித்திரையில் மாவு மறுபடியும் மாமி வீட்டுக்குப் போனது. மாமி சிரித்தாள். “ஏண்டி, போன மாசந்தானே குடுத்தே? உங்க சாமி மறந்துட்டாரா?”

பொழுது சாயும் நேரம். அம்மா பழக்கதோஷத்தில் கால் கழுவும் பேசினில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வாசலில் அப்பா. மலையடிவாரத்து வித்துராவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கணுக்கால்வரை செம்மண்.

“லீவு இல்லேன்னு சொன்னீங்க?”

“இல்லதான். சம்பளத்துல பிடிக்கட்டு.” செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். “ஒரு மாசத்துல பின்னேயும் அழுக்காச்சு பாரு. கழுவு.”

அம்மா அழுதுகொண்டே கழுவினாள். அந்த வருஷம் எங்களுக்கு இரண்டு பஸ்கா. மூப்பர் என்ன சொன்னாலும் இரண்டும் கணக்கில் சேர்த்திதான்.

மாமியின் வீடு இப்போது துணிக்கடைக் குடோன். தபாலில் காலண்டர் வருவதும் நின்றுவிட்டது. கூடுதல் மாதத்தையெல்லாம் போனே பார்த்துக்கொள்கிறது. அம்மாதான் இன்னும் நம்புவதில்லை. பேசினை எடுத்து வைத்தபடி சற்றுமுன் கேட்டாள், “தேதி சரிதானே, மக்ளே?”

சரிதான் என்றேன். நான்தான் அம்மாவின் காலைக் கழுவப்போகிறேன். இந்த வருஷம் தேதியில் ஒரு பிசகும் கிடையாது. வித்துரா பஸ்ஸிலிருந்து இறங்கி வர அப்பாதான் இல்லை.